ஆண்டிறுதி மழையும் ஆசிரியர் மனமும்



குளிர்நாட்டு ஆசிரியர்களுக்குப் பனிக்காலம் சோர்வு தரும் காலம் என்பர். நம் மலேசியாவில் பனி இல்லை, மழை உண்டு. அக்டோபர் பிறந்துவிட்டால் மேற்குக் கரை மாநிலங்களில் மாலைதோறும் இடியும் மழையும்தாம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கிழக்குக் கரை மாநிலங்களில் வெள்ள அச்சம் வந்துவிடும். இதற்கிடையே தீபாவளியும் வந்து போகும். அதன்பின் பள்ளியில் ஒரு மந்தநிலை வந்து சேர்வதை நாம் அனைவரும் அறிவோம்.

2022 முதல் 2024 வரை மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கிய பள்ளி ஆண்டு, 2026இல் மீண்டும் சனவரிக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே, முன்பு போலவே மழைக்காலமே நமக்கு ஆண்டிறுதிக் காலம். இந்த இறுதி வாரங்களில் ஆசிரியர் ஊக்கம் குன்றாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியே இங்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

சோர்வுக்கு மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கண்முன்னே இலக்கு இல்லாததே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் செப்டம்பர் வரை ஓட்டமாக ஓடினோம். தேர்வு முடிந்த மறுநாளே ஆறாம் ஆண்டு வகுப்பு களையிழந்துவிடும். 2019இல் இறுதியாக நடைபெற்ற அத்தேர்வு, 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு அழுத்தம் நீங்கியது நன்றே. ஆனால், அதனோடு நம்மை ஓட வைத்த இலக்கும் நீங்கிவிட்டது. இப்பொழுது இருப்பது வகுப்பறைசார் மதிப்பீடு. அடைவுநிலைகளைப் பதிவு செய்து முடித்ததும் ஆண்டே முடிந்துவிட்டதாக ஓர் எண்ணம் நமக்குள் புகுந்துவிடுகிறது. இரவல் பாடநூல்களைத் திரும்பப் பெறுதல், பரிசளிப்பு விழா ஒத்திகை, கோப்புகளைச் சரிபார்த்தல் என நாள்கள் கரைகின்றன.

இதற்கு மருந்தாகத் தன்முனைப்பு உரைகளுக்கு ஏற்பாடு செய்வோர் உண்டு. அவ்வுரைகளை நான் இகழவில்லை. ஆயினும், மண்டபத்தில் கைதட்டிப் பெறும் ஊக்கம் மறுவாரம் வரை நிலைப்பது அரிது. செய்யும் வேலை பயன் தருவதைக் கண்ணால் காணும்போதுதான் ஆசிரியருக்கு நிலைத்த ஊக்கம் பிறக்கிறது. ஆகவே, ஆண்டிறுதியில் நமக்குத் தேவை சிறிய, எட்டக்கூடிய, கண்ணுக்குத் தெரியக்கூடிய ஓர் இலக்கு.

எடுத்துக்காட்டாக, வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவனுக்குக் குறில் நெடில் குழப்பம் இருக்கும். ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்று வாசிப்பான். மற்றொருத்திக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு விளங்காது. இன்னொருவன் எழுத்துகளைத் தனித்தனியே அறிவான். சேர்த்துச் சொல்லாக்க இயலாது. நாள்தோறும் பத்தே நிமிடம் இவர்களோடு அமருங்கள். ஆறு வாரத்தில் முப்பது பள்ளி நாள்கள். மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். ஒரு குறிப்பிட்ட குறையைச் சீர்செய்ய ஐந்து மணி நேரம் சிறிதன்று. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் சனவரி முதல் செப்டம்பர் வரை கிட்டாத ஓய்வான நேரம், இந்த மழை நாள்களில்தான் கிட்டுகிறது. திடல் நனைந்து உடற்கல்வி நடத்த முடியாத நாளில், ஒரு பிள்ளை ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்து முடித்தால், அன்றைய சோர்வு தானே அகலும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு இவை தமிழ்ப்பள்ளியின் கடைசி வாரங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ இருப்பார்கள். அங்குத் தமிழ் தானாக வந்து வாய்க்காது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வழி பிறக்கும். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுப்பதா, வேண்டாமா என்பதை மாணவன் பெரும்பாலும் தானே முடிவு செய்கிறான். நாற்காலி அடுக்கியதும் வெறுமனே அமர்ந்திருந்ததுமே அவன் மனத்தில் நிற்கும் இறுதி நினைவு என்றால், அவன் எதற்காகத் தமிழைத் தேடி வருவான்? ஒரு சிறுகதையைப் படித்து வாதிட்டதும், தன் பாட்டியிடம் கேட்ட செய்தியை எழுதி வாசித்ததும் நினைவில் நின்றால், அவன் முடிவு வேறாக இருக்கக்கூடும்.

“கோப்பு வேலைக்கே நேரமில்லை, இதற்கு எங்கே நேரம்?” எனச் சில ஆசிரியர்கள் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனவே, தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே தகவலை இரண்டு மூன்று இடங்களில் எழுதக் கேட்பதைத் தவிருங்கள். விழா ஒத்திகைக்கு எல்லா வகுப்புகளையும் ஒருசேர அழைக்காதீர்கள். ஆசிரியரின் ஊக்கத்தைக் காப்பது ஆசிரியர் ஒருவரின் பொறுப்பு மட்டுமன்று.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். “இனி என்ன பாடம் நடக்கப்போகிறது?” என்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். பாதி வகுப்பு வராததால் பாடம் நடப்பதில்லை. பாடம் நடப்பதில்லை என்பதால் மீதிப் பேரும் வருவதில்லை. இந்தச் சுழலை உடைக்க உங்களால் முடியும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாளிலும் காய்ச்சல் கண்ட நாளிலும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். மற்ற நாள்களில் குடையைக் கொடுத்து அனுப்புங்கள். காலியான நாற்காலிகளைப் பார்த்துப் பாடம் நடத்துவதைப் போல் ஆசிரியர் மனத்தை வாட்டுவது வேறில்லை.

பள்ளி ஆண்டின் கடைசி வாரமும் பிள்ளையின் கல்விக்கு உரியதே. மூன்று பிள்ளைகள், பத்து நிமிடம், ஆறு வாரம். இவ்வாண்டு இறுதியில் இதனைச் செய்து பாருங்கள். உங்கள் வகுப்பில் கண்ட பயனைச் சக ஆசிரியர்களோடும் பகிர்ந்து கொள்ளுங்கள்.