கலப்பையும் காணி உறுதியும்

"அடுத்த காலபோகத்துக்கு ஊரில் விதைப்போம்" என்று எத்தனை தடவை எமக்குள் சொல்லியிருப்போம்! 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்களில் சில இன்றும் அதையே சொல்கின்றன. அன்று தோளில் தூக்கி வந்த பிள்ளைகளுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தனை காலத்தில் மனம் சோர்வது குற்றமல்ல. சோர்விலேயே குடியிருந்து விடுவதா என்பதுதான் கேள்வி.

கலப்பையில் கை வைத்த பின் திரும்பிப் பார்ப்பவனைப் பற்றி இயேசு கூறியதை (லூக்கா 9:62) கேட்கும்போது எம்மில் பலருக்கு உள்ளே உறுத்துகிறது. உழுத எமக்கு அதன் பொருள் விளங்கும். மேழி பிடித்தவன் பின்னால் பார்த்தால் சால் கோணிப்போகும். அப்படியானால் விட்டு வந்த கிணற்றையும் மாமரத்தையும் நினைப்பது பாவமா? இல்லை. நினைப்பது வேறு, நினைத்துக்கொண்டு மேழியை விட்டுவிடுவது வேறு.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொன்னவர் இறைவாக்கினர் எரேமியா. பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் எல்லாரும் இரண்டே ஆண்டில் ஊர் திரும்புவார்கள் என்று அனனியா என்பவர் இனிக்க இனிக்கச் சொன்னார். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் செல்லும் என்று அந்த மக்களுக்குக் கடிதம் எழுதினார். இருக்கும் இடத்தில் வீடு கட்டவும், தோட்டம் செய்து அதன் பலனை உண்ணவும், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வைக்கவும், அந்த நகரின் நன்மைக்காகவும் மன்றாடவும் சொன்னார் (எரேமியா 28, 29).

அதே எரேமியா இன்னொன்றும் செய்தார். எருசலேமைப் படை சூழ்ந்திருக்க, தாம் காவலில் இருக்க, அனத்தோத்து ஊரில் தம் உறவினரின் காணியைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்கினார். சாட்சி வைத்து உறுதி எழுதி, அது நெடுங்காலம் கெடாதிருக்க மண்பானையில் வைக்கச் செய்தார் (எரேமியா 32). காசை வீணாக்குகிறார் என்றுதான் அன்று கண்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

வந்த இடத்தில் தோட்டம், விட்டு வந்த இடத்துக்கு உறுதி: விடாமுயற்சி என்றால் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே. எம்மில் சிலர் "இரவல் காணிதானே" என்று ஒரு கன்றும் நடாமல் நிவாரணத்தையே பார்த்திருந்தோம். வேறு சிலர் "இனி எங்கே போகப் போகிறோம்" என்று தரகர் சொன்ன விலைக்குக் காணியைக் கொடுத்துவிட்டோம். சிலர் கவலையைக் கசிப்பில் கரைத்தோம். மூன்றிலும் கை மேழியை விட்டுவிட்டது.

இரணைதீவு மக்களைப் பாருங்கள். 1992இல் தீவை விட்டு வந்தவர்கள், இரணைமாதா நகரில் தொழில் செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் தீவை மறக்கவில்லை. 2017 மே மாதம் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு கவனயீர்ப்பில் இருந்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் அவர்களது கை ஓயவில்லை.

எல்லாருக்கும் அப்படி ஒரு நாள் விரைவில் வரும் என்று நாம் சொல்லமாட்டோம்; அது அனனியாவின் பேச்சாகிவிடும். இன்றைக்குச் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். இரவல் காணியில் தென்னை வைக்க உரிமையாளர் விடாமல் இருக்கலாம்; ஒரு முருங்கைத் தடி ஊன்ற மறுக்கமாட்டார். கழுவிய தண்ணீரை அதன் அடியில் விடுங்கள். பயற்றை விதையைச் சாம்பலில் பிசறிப் போத்தலில் எடுத்து வையுங்கள். உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ நனையாத உறையில் இட்டு, பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி கேளுங்கள். எல்லை எது, பக்கத்துக் காணி யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

செபமும் அப்படித்தான். நீண்ட செபம் முடியாத இரவில், விளக்கு அணைக்குமுன் குடும்பமாக ஒரு பத்து மணியாவது சொல்வோம். மழை வருமா என்று தெரியாமலே புழுதியில் விதைத்தவர்கள் நாம். ஆண்டவரிடமும் அந்த மனத்தோடேயே நிற்போம்.