மரியாதையை முதலாக்கும் குரல்

"வணக்கம்மா, சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கும் தொலைபேசிக் குரல் சற்றுத் தயங்கி, மூச்செடுத்து, கடன் அட்டை விற்கத் தொடங்குகிறது. தயக்கமும் மூச்சும் செய்யப்பட்டவை, மறுமுனையில் எவருமில்லை.

விற்பனையை நாம் எதிர்க்கவில்லை, வேடத்தையே எதிர்க்கிறோம். வெயிலில் அலைந்து வாசலில் நிற்கும் விற்பனையாளரிடம் முகத்திலடித்தாற்போல் பேச நமக்கு மனம் வராது. அந்தக் கூச்சத்தையே இயந்திரம் முதலாக்குகிறது.

சட்டம் என்ன செய்கிறது? அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் செயற்கைக் குரல் விற்பனை அழைப்புகளுக்கு முன்சம்மதம் கோருகிறது. செயற்கை நுண்ணறிவுக் குரலும் அதில் அடங்கும் என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அறிவித்தது. இந்தியாவிலோ, 140 என்று தொடங்கும் எண் வருவது விளம்பரம் என்று மட்டுமே சொல்லும். பேசுவது மனிதரா என்று சொல்லாது.

"நான் இயந்திரம்" என்பதே அதன் முதல் வாக்கியமாக இருக்கட்டும். பிறகு கேட்பதும் துண்டிப்பதும் நம் விருப்பம்.