பாடத்தை நீக்கியது தவறு

நாடார் பெண்களின் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தது தவறு. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரைக் கடைசி வரை தயார்படுத்தாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறைப் பற்றி அவ்வப்போது பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நடந்தது இதுதான். 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், சாதி மோதலையும் உடை மாற்றத்தையும் பற்றிய பகுதியை நடத்த வேண்டாம், 2017 தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019-இல் என்.சி.இ.ஆர்.டி. உடையின் சமூக வரலாறு என்ற அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. அதே புத்தகத்தில் ஹிட்லரையும் நாசிசத்தையும் பற்றிய பாடம் அப்படியே இருந்தது. ஜெர்மனியில் யூதர்களுக்கு நேர்ந்ததை நாகர்கோவில் பிள்ளை படித்தாள். சொந்த ஊர்ச் சந்தையில் தன் முப்பாட்டியின் மேல்சீலையைக் கிழித்தவர்களைப் பற்றிப் படிக்கவில்லை.

பாடத்தை எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாடார்கள் நாயர் நிலக்கிழார்களிடம் வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்று எழுதினால் கோபம் வரத்தான் செய்யும். அந்த வரியைத் திருத்தியிருக்கலாம். மாற்றுக் கருத்தையும் பக்கத்தில் சேர்த்திருக்கலாம். அதைச் செய்யாமல், அவமானத்தை எதிர்த்து நின்ற பெண்களையும் சேர்த்தே அழித்தார்கள். நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் நம் மாநிலத்தின் பெரிய தலைவர்களும் உண்டு. அந்தப் பொறுப்பிலிருந்து அவர்களையும் விடுவிக்க முடியாது.

சரி, பாடம் இருந்திருந்தால் எப்படி நடத்தியிருப்போம்? ஹிட்லர் பாடத்தை நடத்தும் விதமே பதில் சொல்கிறது. நாஞ்சில் நாட்டு வகுப்பறைக்குள் ஹிட்லர் பெரும்பாலும் விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். நம்மூர்ப் பூர்வீகம், திருவனந்தபுரத்தில் பிறந்தவர், பெர்லினில் இருந்தவர், இந்தியரை இழிவாகப் பேசிய ஹிட்லரிடமே மன்னிப்புக் கடிதம் வாங்கியவர் என்று ஆசிரியர் சொல்வார். வகுப்பு கைதட்டும். அந்தக் கடிதம் எங்கே இருக்கிறது சார் என்று ஒரு பிள்ளை கேட்டால் அவரிடம் பதில் இல்லை. செண்பகராமன் இறந்தது 1934-இல். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தது 1935-இல். கொலையைத் திட்டமாக வகுத்த வான்சே கூட்டம் 1942 ஜனவரியில் நடந்தது. கொல்லப்பட்டவர்கள் 60 லட்சம் பேர். நம் கதை முடிகிற இடத்தில்தான் அந்தக் கொடுமை பெரிதாகிறது. அதற்குள் பீரியடு முடிந்துவிடும். பிள்ளையின் மனதில் மிஞ்சுவது ஹிட்லர் ஒரு கண்டிப்பான ஆள் என்பது மட்டுமே. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதை எப்படி நடத்துவது என்று ஒரு நாளாவது அவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

மற்ற நாடுகள் இதை ஆசிரியரின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. 2009-இல் இங்கிலாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். பெரும்பாலோர் யூதப் படுகொலையைத் தாங்களே படித்துத் தெரிந்துகொண்டவர்கள் என்று தெரியவந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மையம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் இதற்கென்றே 1993-இல் ஒரு பள்ளியைத் தொடங்கியது. அனைத்துலக யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பின் 2019 வழிகாட்டுதல்களில் ஒன்று நமக்கு அப்படியே பொருந்தும்: கொன்றவராகவும் கொல்லப்பட்டவராகவும் பிள்ளைகளை நடிக்க வைக்காதீர்கள்.

நாமோ ஆண்டு விழா மேடையில், முலைவரியை எதிர்த்ததாகச் சொல்லப்படும் நங்கேலியின் நாடகம் போடுகிறோம். நங்கேலி கதை சேர்த்தலையைச் சேர்ந்தது, செவிவழியாக வந்தது. தோள்சீலைப் போராட்டம் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நடந்தது. அதற்கு அரசாணையே சாட்சி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுத்தால், நாளை ஒருவர் முதலாவதைக் கட்டுக்கதை என்று சொல்லி இரண்டாவதையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

1859 அரசாணையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 1829-இல் மறுக்கப்பட்ட உரிமையை உத்திரம் திருநாள் மகாராஜா அப்போதும் முழுசாகக் கொடுத்துவிடவில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு வகுப்பில் இதை வாசிக்கும்போது, அந்த முக்குவப் பெண்களின் பேத்தி முன் பெஞ்சில் இருப்பாள். பின்னால் நாடார் வீட்டுப் பிள்ளை, நாயர் வீட்டுப் பிள்ளை, வெள்ளாளர் வீட்டுப் பிள்ளை. மண்டைக்காட்டில் 1982-இல் நடந்த மதக் கலவரம் வேறு எல்லார் வீட்டிலும் இன்னும் பேச்சில் இருக்கிறது. யாரையும் தலைகுனிய வைக்காமல், எதையும் மறைக்காமல் அந்த வரியை விளக்குவது லேசான காரியமில்லை. சாயங்காலம் எந்த வீட்டிலிருந்து போன் வருமோ என்ற பயத்தில் ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார். பயிற்சி இல்லாதவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

2023 மார்ச்சில் நாகர்கோவிலில் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா நடந்தது. இரண்டு முதல்வர்கள் வந்து பேசினார்கள், வரவேற்கத்தக்கதுதான். மேடையேறியவர்களின் அரசுகள் வகுப்பறைக்கும் வர வேண்டும். தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1956 வரை நம் குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் பழைய ஆணைகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. அவற்றின் நகலை வாங்கித் தமிழில் பெயர்த்து, மாவட்டத்தின் ஒவ்வொரு சமூக அறிவியல் ஆசிரியர் கையிலும் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மத்திய பாடத்திட்டப் பள்ளி என்ற பேதம் இதில் கூடாது. அவர்களைச் சேர்ந்து உட்கார வைத்து, கடினமான கேள்விகளை அவர்களையே கேட்கவும் பதில் சொல்லவும் வைக்க வேண்டும். புகார் வந்தால் ஆசிரியர் பக்கம் நிற்போம் என்று முதன்மைக் கல்வி அலுவலர் எழுத்தில் தர வேண்டும். வரும் கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம்.