சிரித்தால் ஆட்டம் போச்சு

காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுப் போன ஒரு பல்லவ இளவரசர்தான் சீனர்களுக்குச் சண்டை போடக் கற்றுக் கொடுத்தார் என்று சொன்னால் நம்மவர்களுக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்துவிடுகிறது. 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு மூன்று அங்குலம். விரியட்டும்; நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தச் சீனர்கள் அந்த வித்தையை வைத்துக்கொண்டு 2001-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? பந்து விளையாடினார்கள். அதுவும் பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்படியாக.

'ஷாவோலின் சாக்கர்' என்ற ஹாங்காங் படத்தைத்தான் சொல்கிறேன். எழுத்து, டைரக்ஷன், கதாநாயகன் எல்லாவற்றிலும் ஸ்டீபன் சௌ என்பவரின் கை இருக்கிறது. ஷாவோலின் மடத்து வித்தை கற்ற சகோதரர்கள் ஆறு பேர். ஆசான் போய்விட்டார், வித்தையைக் கேட்பாரில்லை. இரும்புக் கால் படைத்தவன் குப்பை பொறுக்குகிறான். இரும்புத் தலை படைத்தவன் ஓர் இரவு விடுதியில் எடுபிடி. முதலாளிக்குக் கோபம் வந்தால் அந்தத் தலையில்தான் பாட்டில் உடைகிறது. காற்றைப் போல் மிதக்கத் தெரிந்த கடைசித் தம்பி, தின்று தின்று பீப்பாய் மாதிரி ஆகியிருக்கிறான். காசு வாங்கிக்கொண்டு ஒரு பெனால்டி உதையைத் தவறவிட்டு, அதற்காகக் கால் முறிக்கப்பட்ட பழைய பந்தாட்டக்காரன் ஒருவன் இவர்களைத் திரட்டி ஒரு கோஷ்டி அமைக்கிறான். எதிர்க் கோஷ்டியோ ஊசி போட்டுக்கொண்ட பயில்வான்கள். அப்புறம் என்ன? உதைத்த பந்து நெருப்பாகிறது, புலியாகிறது, புயலாகிறது. அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த டைரக்டர், சிறந்த நடிகர் மூன்றும் இதற்கே போயின. கோமாளித்தனத்துக்கா என்று நாம் கேட்போம். கேட்கிறோம் என்பதுதான் நம்முடைய வியாதி.

முதலில் அந்தப் பல்லவ விவகாரத்தைத் தீர்த்துவிடுகிறேன். போதிதர்மரைப் பற்றிச் சீனத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. அதையடுத்த இன்னொரு குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது குமாரர் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை. குத்தும் உதையும் அறவே இல்லை. அவர் பேரில் ஒரு தேகப்பயிற்சி நூல் முளைத்தது 17-ஆம் நூற்றாண்டில், ஆயிரம் வருஷத்துக்கும் பிற்பாடு. சண்டை வித்தைக்கு அவரே மூலபுருஷர் என்ற கதை ஊரெல்லாம் பரவியதோ, 1904-க்குப் பிறகு ஒரு சீனப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவலின் புண்ணியத்தால் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். தொடர்கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் ஓர் அல்ப சந்தோஷம் உண்டு. ஒரு நாவலாசிரியன் இட்டுக் கட்டியதை வைத்துக்கொண்டு ஒரு ஜாதி முழுவதும் மார்பு தட்டுகிறதென்றால் எங்கள் தொழில் லேசுப்பட்டதா?

ஆனால் தாத்தா இன்னார் என்று நிரூபிப்பதிலேயே காலம் கழிக்கும் குடும்பத்தில் பேரன் உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை. சீனர்களுக்கு ஷாவோலின் என்றால் சாதாரண விஷயமா? நமக்குச் சிலம்பமும் வர்மமும் எப்படியோ, அதைவிட ஒரு படி மேல். அப்படிப்பட்டதைக் கையில் எடுத்து, பிசைந்த மாவில் பன் உருட்டும் ஒரு முகப்பரு முகத்துப் பெண்ணுக்குக் கொடுக்கிறார் சௌ. அவள் தாய்ச்சி வித்தையால் மாவு பிசைகிறாள். தெருவில் வாழைப்பழத் தோலில் வழுக்குகிற பெண் குட்டிக்கரணம் போட்டு நேரே நிற்கிறாள். அங்கே வித்தை கோயில் கர்ப்பக்கிருகத்தை விட்டுச் சந்தைக்கு வருகிறது. கேலியா செய்கிறார்? செய்கிறார். ஆனால் கேலி செய்து முடித்ததும் உங்களுக்கே ஒரு வித்தை கற்றுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. 'ஏழாம் அறிவை'ப் பார்த்து வந்தவர்களுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதா, நாம் கற்றுக் கொடுத்தோமாக்கும் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றியதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? சடுகுடு இருக்கிறது. பக்கத்துக்கு ஏழு பேர், பந்து இல்லை, மட்டை இல்லை, உடம்பும் மூச்சும்தான். தனி ஒருவன் பகைவர் கோட்டைக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, மூச்சு அறுமுன் திரும்ப வேண்டும். இதைவிடச் சண்டையும் கோஷ்டி ஆட்டமும் ஒன்றாய்க் கலந்த விளையாட்டு உலகத்தில் எது? ஹாங்காங்காரர் இரண்டு தனித்தனி வஸ்துக்களை எடுத்துக் கலக்க வேண்டியிருந்தது. நமக்குக் கலந்தே கிடைத்திருக்கிறது. 1990-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன் முதலாக இதற்குப் பதக்கம் வைத்தபோது, அதுவும் எங்கே, சீனத்துப் பெய்ஜிங்கில்!

இதை நம் சினிமாக்காரர்கள் என்ன செய்தார்கள்? 2004-ல் வந்த 'கில்லி'யில் கதாநாயகர் கபடி வீரர். தெலுங்கு 'ஒக்கடு'விலிருந்து வந்தவர். கதைக்கு முன்பக்கத்தில் ஆடுகிறார், பின்பக்கத்தில் ஆடுகிறார், நடுவில் ஒரு பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறார். கபடி அவருக்கு ஒரு விசிட்டிங் கார்டு.

2009-ல் வந்த 'வெண்ணிலா கபடிக் குழு' அப்படியல்ல. சுசீந்திரனின் முதல் படம். மண்ணும் மனிதர்களும் உண்மை. நான் மதிக்கிற படம். அதனாலேயே கேட்கிறேன். அந்தப் படத்தில் ஜனங்கள் எங்கே சிரித்தார்கள்? பரோட்டாக் கடையில். பந்தயம் கட்டிப் பரோட்டா தின்னும் அந்த ஒரு காட்சியால் சூரி என்ற நடிகருக்குப் பரோட்டாவே பட்டப்பெயராகிவிட்டது. எங்கே அழுதார்கள்? ஆடுகளத்தில். கதாநாயகன் அங்கே உயிரை விடுகிறான். சௌவின் படத்திலும் தீனிப்பண்டாரம் ஒருவன் உண்டு என்றேனே, அவன் தொந்தியோடு ஆகாயத்தில் மிதந்து பந்தை எடுக்கிறான். அவன் தீனியும் அவன் வித்தையும் ஒரே உடம்பில் ஆட்டத்துக்குள் வருகின்றன. நம் பரோட்டாக்காரரும் கபடிக் குழுவில் ஒருவர்தான். ஆனால் அந்த வயிறு கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் போய் என்ன செய்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சிரிப்பு வெளியே, ஆட்டம் உள்ளே. தீண்டாமைபோல் ஒரு கோடு. என்.எஸ். கிருஷ்ணன் காலத்தில் ஹாஸ்யப் பகுதியைத் தனியாக எடுத்துப் படத்தில் ஒட்டுவார்களே, அந்த வழக்கம் போய்விட்டது. ஒட்டு மட்டும் போகவில்லை. உடம்பால் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலா போனார்கள்? சந்திரபாபு விழுந்தால் அது விழுகையா, நடனமா? நாகேஷின் முழங்காலுக்கும் முழங்கைக்கும் எலும்பு உண்டா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர்களைக் கதாநாயகனின் சிநேகிதனாக்கி ஓரத்தில் நிறுத்தினோம். 'சர்வர் சுந்தர'மும் 'எதிர் நீச்ச'லும் விதிவிலக்குகள்.

விளையாட்டுப் படத்திலும் விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2007-ல் வெங்கட் பிரபு எடுத்த 'சென்னை 600028'. தெருக் கிரிக்கெட் கோஷ்டி ஒன்று கடைசியில் பொடிப் பயல்களிடம் தோற்கிறது. தோற்று நாம் சிரிக்கிறோம். ஓடியது அந்தப் படம். ஓஹோ என்று ஓடியது. பிறகும் பாடம் படித்தோமா?

இந்த வழக்கை நான் வாதாடியது அமிர்தியில். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். காடும் ஓர் ஆறும், மழை பெய்தால் ஓர் அருவியும், மான்களை வைத்திருக்கும் சிறிய மிருகக்காட்சிச் சாலையும். எதிர்க்கட்சி வக்கீல் என் சிநேகிதர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் இரவு அவருடைய மருமகன் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டியிருந்தான்.

"சுத்த அபத்தம் ஸார்! பந்து பற்றி எரியுமாம், கோல் கம்பம் பறக்குமாம். லாஜிக் வேண்டாமா?" என்றார்.

"நம்ம ஹீரோ உதைத்தால் ஜீப் பறக்கிறதே, அப்போது கேட்டீர்களா?" என்றேன்.

"அது வேறே. அது ஹீரோயிஸம்."

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். இரண்டும் ஒரே பொய். ஹாங்காங்காரர் பொய்யைச் சொல்லிவிட்டுக் கண் சிமிட்டுகிறார். நீங்களும் நானும் அவரும் சேர்ந்து சிரிக்கிறோம். நம்மவர் அதே பொய்யைச் சொல்லிவிட்டுக் கை தட்டச் சொல்கிறார். தட்டவும் தட்டுகிறோம். லாஜிக் கேட்கிற வாத்தியார் எந்தப் பொய்க்குக் கேட்க வேண்டும்?

பேசிக்கொண்டே ஆற்றோரமாக நடந்தோம். மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்த பையன்கள் மணலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலையாளிகள் தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்று சொல்லிக்கொள்வார்கள்; தங்கள் வீட்டுப் பெண்களைத் தேடிப் பாலாற்றைக் கடந்து வந்து, திரும்பிப் போக முடியாமல் மலை ஏறிய ஏழு பேரின் வம்சம் என்று அவர்களிடையே கதை உண்டு. காஞ்சியிலிருந்து கிழக்கே போனவருக்குப் படம் எடுத்தோம்; மேற்கே வந்தவர்கள் இங்கே கோவணம் இறுக்கி ஆடுகிறார்கள்.

ஆடிய விதம்தான் விசேஷம். பாடிக்கொண்டு புகுந்த பையனைப் பிடிக்க எதிரிகள் அவசரப்படவில்லை. ஒருவன் குரங்கு மாதிரி மூஞ்சியைச் சுளித்தான். இன்னொருவன் நொண்டிக் கிழவிபோல் தாளம் தப்பாமல் கூடவே நடந்தான். புகுந்தவன் பல்லைக் கடித்தான், கண்ணை மூடினான், கடைசியில் புஸ்ஸென்று சிரித்துவிட்டான். மூச்சுப் போயிற்று, ஆள் அவுட். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "இப்படிச் செய்யலாமா பெரியவரே?" என்று கேட்டேன்.

"செய்யாம எப்பிடிங்க சாமி? சிரிச்சா மூச்சு விட்டுருவான்ல? பிடிச்சு அமுக்கினா கை கால் ஒடியும். சிரிக்க வச்சா ஒண்ணும் ஒடியாது."

என் சிநேகிதர் வாயைத் திறக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். பாடிக்கொண்டு போகிற பாட்டிலேயே எதிரியைக் கிண்டல் செய்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். ஊருக்கு ஒரு பாட்டு, கோஷ்டிக்கு ஒரு பாட்டு. சட்டதிட்டம் வந்தது, 'கபடி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு சொன்னால் செல்லாது என்றார்கள். சர்வதேச ஆட்டத்துக்கு அது தேவை; அம்பயர்களை நான் குறை சொல்லவில்லை. சினிமாவுக்கு எந்த அம்பயர் விசில் ஊதினார்? ஆட்டத்தின் வயிற்றிலேயே சிரிப்பு இருக்கும்போது, அதை எடுத்துப் பரோட்டாக் கடையில் வைக்கச் சொன்னது யார்?

யார் என்று எனக்குத் தெரியும். கதாநாயகர் என்ற அந்த மனிதர்தான். அவர்மீது ரத்தம் படலாம், சேறு படலாம், மழை படலாம். சிரிப்பு மட்டும் படக் கூடாது. சௌ தம்முடைய படத்தில் கிழிந்த பூட்ஸோடு குப்பைமேட்டில் நிற்கிறார். அந்தப் பன் கடைப் பெண் அதைத் தைத்துக் கொடுக்கிறாள். அவள் பரு முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நாம், கடைசி ஆட்டத்தில் அவள் மொட்டைத் தலையோடு கோல் காக்க வந்து நிற்கும்போது முதலில் சிரித்துவிட்டு அப்புறம் தொண்டையை அடைத்துக்கொள்கிறோம். ஏழையின் வித்தையைப் பார்த்து அழ வைப்பது சுலபம். அழுத கையோடு அவனை மறந்தும் விடலாம். அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் மறக்க முடிகிறதில்லை.

சினிமா எடுக்கிற ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பெயர் வேண்டாம். அமைதியாகக் கேட்டார். பொரி கடலை விற்கிறவன், கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறவன், கரகாட்டக் கோஷ்டியில் குறவன் வேஷம் கட்டுகிறவன் என்று ஏழு சிலம்பக்காரர்களைச் சேர்த்து ஒரு கபடிக் கோஷ்டி அமைத்து, எதிரியைச் சிரிக்க வைத்தே ஜயிக்கும் கதை ஒன்றையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன். உடனே அடக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு ஸார். ஆனா சிலம்பத்தைக் கேவலப்படுத்திட்டான்னு கேஸ் போட்டுடுவாங்க. அதோட, இதிலே ஹீரோ யாரு, காமெடியன் யாரு?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு ஒரு டெலிபோன் வந்துவிட்டது.