இருளில் ஒளிரும் குறி

இருளில் ஒளிரும் குறி பொருத்திய கைத்துப்பாக்கி தற்காப்புக்கு உதவுமா? உதவும், ஆனால் போதாது என்பதே எமது துணிபு. டிரிடியம் அடைத்த அக்குறி, துப்பாக்கி நோக்கும் திசையைக் காட்டும். எதிரே நிற்பவர் யாரென்று காட்டாது. சுமார் 12 ஆண்டுகளில் அதன் ஒளியும் பாதியாகிவிடும்.

சுன்னாகத்துத் தோட்டத்தில், நள்ளிரவில், வேலியோரம் அசைவது கள்வனோ, பங்குக் கிணற்றில் இறைக்க வந்த அயலவனோ? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை ஏற்கின்றது. தேவைக்கு மிஞ்சிய தீங்கை ஏற்பதில்லை. அவ்வுரிமையை நிறுவும் சுமையும் சுட்டவர்மீதே சாரும். நீதிமன்றம் கேட்கப்போவது, குறி தப்பியதா என்றன்று. எதைக் கண்டு சுட்டீர் என்றே!

ஆதலின், 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்ற அன்பர்களே, முதலில் நல்லதொரு ரோச் விளக்கை வாங்குங்கள். ஆளை அறிந்த பின்னரே குறியைப் பற்றிப் பேசுவோம்.