அடிச்சவன்கிட்டயே மனு

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு 2021 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. படையில் பணிபுரிகிற, பணிபுரிந்து வெளியேறிய பெண்களைப் பற்றிய அறிக்கை. நம் தோழர்களும் மாணவர்களும் அதை அவசியம் கவனிக்க வேண்டும். ‘வெள்ளைக்காரன் பட்டாளத்துல என்ன நடந்தா நமக்கென்னய்யா’ என்று கேட்கலாம். அந்தப் பட்டாளத்தின் மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. உள்ளே மிதிபடுகிறவர்கள் சாட்சி சொல்ல வந்தால் அதிகாரம் எப்படி நடந்துகொள்கிறது, அந்தச் சாட்சியைக் கேட்க யாராவது நிஜமாகவே உட்கார்ந்தால் என்னவெல்லாம் வெளியே வருகிறது என்பதை அது அப்பட்டமாகக் காட்டுகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

அங்கே பணியில் இருக்கிற சிப்பாய் தன் இஷ்டத்துக்குப் போய் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் கொடுத்துவிட முடியாது. அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இந்த ஒரு விசாரணைக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் அந்தத் தடையை விலக்கியது. விசாரணையை நடத்திய சாரா ஆதர்ட்டன் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.; தானும் முன்பு படையில் இருந்தவர். தடை விலகியதும் என்ன நடந்தது? 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். அப்போது பணியில் இருந்த பெண்களில் மட்டும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். பேசியவர்களில், வெளியேறிவிட்டவர்களில் 64 சதவீதம் பேரும் பணியில் இருந்தவர்களில் 58 சதவீதம் பேரும் மிரட்டல், தொந்தரவு, பாகுபாடு இவற்றில் ஏதாவது ஒன்றை அனுபவித்ததாகச் சொன்னார்கள்.

இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று இருக்கிறது. அப்படி அனுபவித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் புகாரே கொடுக்கவில்லை. கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், அந்த அனுபவம் படுமோசம் என்றார்கள். ஏன் கொடுக்கவில்லை? புகாரை வாங்குகிறவன் யார் என்று பார்த்தால் விளங்கிவிடும். படையில் புகார் போகிற பாதையும் உத்தரவு வருகிற பாதையும் ஒன்றுதான். எந்த ஏணி வழியாக அடி இறங்கி வந்ததோ அதே ஏணியில் அழுகை ஏறிப் போக வேண்டும். அடிச்சவன்கிட்டயே, இல்லேன்னா அவனோட உட்கார்ந்து சாப்பிடுகிறவன்கிட்ட, ‘ஐயா, என்னை அடிச்சுட்டாங்க’ என்று மனு கொடுக்க வேண்டும். யார் கொடுப்பா?

இது ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்ததல்ல. டீப்கட் என்ற பயிற்சி முகாமில் 1995க்கும் 2002க்கும் இடையில் நான்கு இளம் சிப்பாய்கள் குண்டுபட்டுச் செத்தார்கள். பெற்றோர்கள் விடாமல் போராடியதால் நிக்கலஸ் பிளேக் என்ற வழக்கறிஞர் ஆய்வு செய்து 2006இல் அறிக்கை கொடுத்தார். படைக்கு வெளியே நிற்கிற ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்றார். 2008இல் அதிகாரம் குறைந்த ஓர் ஆணையரைப் போட்டார்கள். குறைதீர்ப்பாளர் வந்தது 2016இல். பிளேக் சொல்லிப் பத்து வருஷம். முதல் குறைதீர்ப்பாளர் நிக்கோலா வில்லியம்ஸ் தன் பதவிக்காலம் முழுக்க, வருஷா வருஷம், ஒரே தீர்ப்பைத்தான் எழுதினார்: இந்தப் புகார் முறை திறமையாகவும் இல்லை, பயனுள்ளதாகவும் இல்லை, நியாயமாகவும் இல்லை. பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் படையில் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் புகார்தாரர்களாக வருகிறார்கள் என்பதையும் சொன்னார். ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர்கள் யார் என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிறவெறித் தொந்தரவுக்கு ஆளான இரண்டு கறுப்பின பாராசூட் வீரர்கள் வேலை சம்பந்தமான தீர்ப்பாயத்துக்குப் போய் 2019இல் ஜெயித்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் படியேறுவதற்கு முன்னால் படைக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வெளிவாசலுக்குப் போகவும் உள்வாசல் வழியாகத்தான் போயாகணும்.

2021இல் இந்த அறிக்கை, பாலியல் புகார்களை உத்தரவுச் சங்கிலியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றது. பாலியல் வன்முறை வழக்குகளைப் பொது நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொன்னது. அரசு முதலாவதை ஏற்றுக்கொண்டது, இரண்டாவதை மறுத்தது. அதே வருஷம் டிசம்பரில் பீரங்கிப் படையைச் சேர்ந்த 19 வயதுப் பெண் சிப்பாய் ஒருவர் முகாமில் இறந்துகிடந்தார். மேலாள் ஒருவர் தன்னிடம் அத்துமீறியதாக அந்த ஜூலையில்தான் சொல்லியிருந்தார். விஷயத்தைப் போலீசுக்கு அனுப்பவில்லை. ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு மேட்டரை முடித்தார்கள். அந்தப் புகாரைக் கையாண்டதில் படை செய்த தவறும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை 2025இல் சொன்னது. அறிக்கை வெளிவருவதற்கும் முகாமின் கடைசிக் கட்டிடத்தில் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் இருக்கிற தூரம் இதுதான்.

இனி நம் பக்கம் வருவோம். இந்திய ராணுவச் சட்டம் 1950. அதன் 26ஆம் பிரிவுப்படி ஒரு சிப்பாய் தனக்கு அநீதி நடந்ததாக நினைத்தால் தன் கம்பெனியின் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அந்த அதிகாரி மீதே புகார் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம். அதே ஏணி. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவைப் படியுங்கள். புகாரில் பொய் சொன்னாலோ, தெரிந்தே விஷயத்தை மறைத்தாலோ ஐந்து வருஷம் வரை சிறை. பொய்ப்புகாருக்குத் தண்டனை எல்லாச் சட்டத்திலும் உண்டு, சரி. ஆனால் எது பொய் என்று முடிவு செய்யப்போகிறவரும் அதே ஏணியில்தானே நிற்கிறார்? எதிரில் சாட்சி சொல்ல வேண்டிய சக சிப்பாயின் விடுப்பும், பதவி உயர்வும் யார் கையில்? அரசியல் சட்டத்தின் 33ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. ராணுவ விதி 21, அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேசக்கூடாது என்கிறது. 2009இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்கும் முன்னால் உள்வாசலில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இடமாற்றமும் விடுப்பும் அந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்கே வராது. பழிவாங்க நினைக்கிறவன் முதலில் எடுக்கிற இரண்டு ஆயுதங்களும் இவைதான்.

நான் பட்டாளத்துக்காரர் மகன். ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறது ரொம்ப வருஷமாக என் வேலையாகிவிட்டது. வருகிறவர்கள் எழுதச் சொல்வது பென்ஷன் பாக்கி, பெயர்ப்பிழை, ஊனத்தொகை. எழுதி முடித்து டீ குடிக்கும்போது வேறு கதை வரும். அதிகாரி வீட்டில் துணி துவைத்தது, நாயைக் குளிப்பாட்டியது, சேரிக்காரன் என்று தெரிந்த பிறகு கூட இருந்தவனின் பேச்சு மாறியது. ‘இதையும் எழுதட்டுமா’ என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். ‘வேணாம் தம்பி. பையன் இப்பத்தான் சேர்ந்திருக்கான்’ என்றார். இவர் வெளியே வந்து இருபது வருஷம் ஆச்சு. பயம் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. அரசு வைத்திருக்கிற எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்தப் பெரியவர் இல்லை. புகார் குறைவு, எனவே குறையும் குறைவு என்று கணக்குக் காட்டுகிறவர்கள் இவரைப் போன்றவர்களின் மௌனத்தைத்தான் சாதனையாகக் காட்டுகிறார்கள்.

படைக்கு மனு எழுதுவது நமக்குப் பழைய பழக்கம். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளை அரசு நிறுத்தியபோது, அந்தப் படையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் எதிர்த்து மனு தயாரித்தார். அண்ணலின் தந்தை ராம்ஜியும் சுபேதாராக இருந்தவர்தான். மகர் ரெஜிமென்ட் வந்தது 1941இல். ஒரு மனுவுக்கும் பதிலுக்கும் நடுவே அரை நூற்றாண்டு.

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சாப்பாட்டின் தரத்தைப் படம்பிடித்துக் காட்டினார். அதை ஒட்டி ஒரு ராணுவச் சிப்பாய் ‘சகாயக்’ என்கிற எடுபிடி முறையைப் பற்றிப் பேசினார். அந்த முறையை ஒழிக்கச் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழு 2008இலேயே சொல்லியிருந்தது. ராணுவத் தளபதி என்ன செய்தார்? புகார்ப் பெட்டி வைப்பதாக அறிவித்தார். சமூக ஊடகத்துக்குப் போனால் தண்டனை உண்டு என்றும் எச்சரித்தார். காவலர் அந்த ஏப்ரலில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெட்டிக்குள் போடப் பயப்படுகிற தாளுக்குப் பெட்டி எதற்கு?

கட்டுப்பாடு குலைந்துவிடும் என்பார்கள். ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லரின் படையைப் பார்த்த நாடு. 1956இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, படையைக் கண்காணிக்க நாடாளுமன்றத்தின் ஆணையர் ஒருவரை ஏற்படுத்தியது. அங்கே எந்தச் சிப்பாயும் மேலதிகாரி யாரையும் கேட்காமல் நேரே அவருக்கு எழுதலாம். அந்தப் படை கலைந்து போய்விடவில்லை. கட்டுப்பாடு என்பது துப்பாக்கியை எப்போது தூக்குவது என்பதைப் பற்றியது. யார் துணியை யார் துவைப்பது என்பதைப் பற்றியது அல்ல.

எனவே நாம் கேட்க வேண்டியவை. புகாரைக் கேட்கிறவர் உத்தரவுச் சங்கிலிக்கு வெளியே இருக்க வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழு, விதி 21ஐ ஒரு விசாரணைக்காவது விலக்கச் செய்து, பணியில் இருக்கிற சிப்பாய்களை நேரே கேட்க வேண்டும். சாட்சி சொன்னவரின் இடமாற்றம், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவற்றை வெளியாள் ஒருவர் சில வருஷம் கண்காணிக்க வேண்டும். வந்த புகார்கள் எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை, கொடுத்தவர்கள் எந்தச் சமூகம், ஆணா பெண்ணா என்ற கணக்கு வருஷாவருஷம் அச்சில் வர வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடே இல்லாத துறை இது, கணக்காவது கொடுக்கட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. ஊரில் இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர்களிடம் போய் உட்காருங்கள். தேதி, இடம், பதவி, கூட இருந்தவர் யார் என்று எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். ஒருத்தர் சொன்னால் கோள்மூட்டுகிறான் என்பார்கள். இங்கிலாந்தில் 4,000 பேர் சொன்னபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் விசாரணை எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது நம் கையில் தாள் இருக்க வேண்டும்.