வெற்றி ஒருவனுடையதா?

நெடுந்தூர ஓட்டம் தனி ஒருவனின் ஆற்றல் என்பர் சிலர். நான் அதை ஏற்கவில்லை.

2019இல் வியன்னா நகரில் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடிக் காட்டினார். முறை மாற்றி அவருடன் ஓடி, எதிர்க்காற்றைத் தாங்கியவர்கள் பலர்!

பிழைப்புக்காக என் பெற்றோர் குடியேறிய ஹனூர் வழியே மாதேசுவர மலைக்கு நடந்து செல்வோரும் அப்படியே. காலில் கொப்புளம் கண்டவரின் நடையே கூட்டத்தின் நடை.

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதென்ன? இரவெல்லாம் கருவியைக் காத்த உதவியாளரின் பெயர் என் அறிக்கையில் இல்லை. வெட்கப்பட்டேன், சேர்த்தேன்.

காற்றைத் தாங்கியவரை மறந்து பெறுவது வெற்றியன்று; களவு. உங்கள் ஆய்வேட்டையும் புரட்டிப் பாருங்கள். விடுபட்ட பெயர் எவருடையது?